விடையைச் சொல்லாமல் இருக்கத் தெரிந்த தளம்

நிரல் எழுதப் பழகுகிறவருக்கு முதல் சில மாதங்களில் தரப்படும் பயிற்சிகள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒன்று முதல் பத்து வரை கூட்டு. ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கு. பட்டியலில் உள்ள எண்களில் பெரியதைக் கண்டுபிடி. மழையளவுக்குச் சராசரி எடு. இந்தப் பயிற்சிகளைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு தூரம் செய்யும் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆசிரியர்கள், சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே சோதித்துப் பார்த்தார்கள். முதலாண்டு மாணவர்கள் எழுதிய தேர்வின் வினாக்களை ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ் என்ற மாதிரிக்குக் கொடுத்தார்கள். 71 மாணவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்தியபோது அது 17ஆம் இடத்தில் நின்றது. அந்த ஆய்வு வெளியானது 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு வந்த மாதிரிகளுக்கு முதலாண்டுப் பாடத்திட்டம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுப்பாடம் சரியாக வந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து, மாணவர் கற்றுக்கொண்டார் என்று எந்த ஆசிரியராலும் இனி முடிவுகட்ட முடியாது.

இந்தச் சூழலில்தான் தொடக்கநிலை மாணவருக்குக் கற்றுத்தரும் ஏஐ தளங்களைப் பலரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுவது எளிது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஏஐ நிறுவனம் ஒன்றில் பணம் கட்டி இணைப்பு வாங்கி, கேள்வி கேட்க ஒரு பெட்டியும் பதில் காட்ட ஒரு பெட்டியும் வைத்து, 'நீ ஓர் அன்பான ஆசிரியர்' என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டால் தளம் தயார். கொஞ்சம் அனுபவம் உள்ளவர் ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆனால் இப்படிக் கட்டிய தளம் ஆசிரியர் வேலையைச் செய்வதில்லை. கேட்டதும் விடையை எழுதிக் கொடுக்கும் நோட்ஸ் புத்தகத்தின் வேலையைத்தான் செய்கிறது. கற்பிக்கும் தளத்தின் மதிப்பு, அது எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறது, மாணவரை எதைச் செய்ய வைக்கிறது என்பதில் இருக்கிறது. ஏஐ மாதிரியை வாடகைக்கு வாங்கலாம். விடையைச் சொல்லாமல் காத்திருக்கும் பிடிவாதத்தையும் பொறுமையையும் நாம்தான் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட ஆயிரம் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. பாடம் நிரலாக்கம் இல்லை, கணிதம். ஆனாலும் படிப்பினை ஒன்றுதான். மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாம் பிரிவுக்குச் சாட்ஜிபிடி போலவே எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் உதவியாளர். மூன்றாம் பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி கட்டிய உதவியாளர். பயிற்சி நேரத்தில் இரண்டாம் பிரிவினரின் மதிப்பெண் 48 விழுக்காடும் மூன்றாம் பிரிவினரின் மதிப்பெண் 127 விழுக்காடும் கூடியது. பிறகு ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். எதைக் கேட்டாலும் சொல்லும் உதவியாளரோடு படித்தவர்கள், புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். உதவி கிடைத்தவர்கள், உதவியே கிடைக்காதவர்களுக்குக் கீழே போய்விட்டார்கள். அதைவிடக் கவலை தருவது, தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் பிரிவினருக்கு இந்த இழப்பு நேரவில்லை.

இந்த ஆய்வை ஏஐ ஆதரவாளர்கள் சிலர் வெற்றிச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. குறிப்பு மட்டும் கொடுத்த உதவியாளரோடு படித்தவர்களும் தேர்வில் புத்தகப் பிரிவினரைத் தாண்டிவிடவில்லை. அவர்களோடு சமமாகத்தான் நின்றார்கள். அதாவது, விடையை மறைத்தால் கெடுதல் நின்றுவிடும். நன்மை தானாக வந்துவிடாது. பயிற்சியில் 127 விழுக்காடு கூடியதைப் பார்த்து ஒரு தளத்தைப் பாராட்டியிருந்தால், ஒன்றும் கூடாத ஒன்றைப் பாராட்டியிருப்போம். தளம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது.

நன்மை எங்கிருந்து வரும் என்பதற்குப் பழைய ஆய்வுகளில் பதில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்த நூறு பேரில் 98 பேரைத் தாண்டிவிடுவார் என்றார் அவர். ஏஐ ஆசிரியர் விற்கும் நிறுவனங்களுக்கு இந்த எண் மிகவும் பிடிக்கும். ஆனால் 2011இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் வேன்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த படம் வேறு. மனித ஆசிரியர் தனியாகச் சொல்லிக் கொடுத்ததன் பயன் 0.79 திட்ட விலக்கம். மாணவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருளின் பயன் 0.76. கடைசி விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லும் மென்பொருளின் பயன் 0.31. நூறு பேரில் நடுவில் நிற்கும் மாணவரை முதல் இரண்டும், கீழிருந்து எண்ணினால், கிட்டத்தட்ட 78ஆம் இடத்துக்கு ஏற்றிவிடுகின்றன. மூன்றாவது 62ஆம் இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த மென்பொருள்களில் சாட்ஜிபிடியில் உள்ளவை போன்ற இன்றைய மொழி மாதிரிகள் எதுவும் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் குழுவினர் எண்பதுகளில் கட்டிய லிஸ்ப் டியூட்டர் போன்றவை அவை. மாணவர் லிஸ்ப் மொழியில் எழுத எழுத, எந்த இடத்தில் வழி தப்பினார் என்று அது அப்போதே சொல்லும். உரையாடத் தெரியாத அந்த மென்பொருளே மனித ஆசிரியருக்கு அருகில் வந்துவிட்டது என்றால், கற்பித்தலின் உயிர் பேச்சில் இல்லை, படிகளைக் கவனிப்பதில் இருக்கிறது என்றுதானே பொருள்?

ஓர் எளிய பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டும். மாணவர் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை, எழுதுகிறார். அதில் ரேஞ்ச் என்ற கட்டளைக்குள் 1, 10 என்று கொடுக்கிறார். திரையில் 45 வருகிறது. வர வேண்டியது 55. எர்ரர் எதுவும் இல்லை. நிரல் சத்தமில்லாமல் தவறான விடையைத் தருகிறது. ரேஞ்ச் கட்டளை கடைசி எண்ணுக்கு முந்தைய எண்ணோடு நின்றுவிடும், பத்து கணக்கில் சேராது என்பதுதான் காரணம். சாதாரண ஏஐயிடம் கேட்டால், '10ஐ 11 என்று மாற்றுங்கள்' என்று சொல்லி, திருத்திய நிரலையும் கீழே எழுதிவிடும். மாணவர் மாற்றுவார், 55 வரும், அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அடுத்த கணக்கில் அதே தவறு வரும். நல்ல தளம் இங்கே செய்ய வேண்டியது வேறு. வந்த விடைக்கும் வர வேண்டிய விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் கேட்கலாம். பத்து என்று மாணவர் சொல்வார். லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் எந்த எண் உள்ளே வருகிறது என்று அச்சிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஒன்று, இரண்டு என்று வந்து ஒன்பதில் நின்றுவிடுவதை அவரே பார்ப்பார். பத்து ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்போது அவருடைய கேள்வியாகிவிடும். இன்னொரு மாணவர் எல்லை எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, கூட்டுத்தொகையைச் சுழியம் ஆக்கும் வரியை லூப்புக்கு உள்ளே எழுதியிருப்பார். அவருக்கு வரும் விடை 10. இரண்டு பேர் செய்ததும் ஒரே பயிற்சிதான். ஆனால் முதல் மாணவருக்கு எல்லை புரியவில்லை. இரண்டாமவருக்கு ஒரு மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் அழிந்து போவது புரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே 'சரியான நிரலை'க் காட்டினால் இரண்டு குழப்பமும் அப்படியே இருக்கும்.

இதற்குத் தளம் முதலில் மாணவரின் நிரலை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். மொழி மாதிரி நிரலைப் படித்து 'இது என்ன விடை தரும்' என்று ஊகிக்கும். பல நேரம் சரியாகவும் சில நேரம் முழுத் தன்னம்பிக்கையோடு தவறாகவும் ஊகிக்கும். தவறான ஊகத்தை வைத்துத் தொடக்க மாணவருக்கு விளக்கம் சொன்னால் அவர் அதை நம்பிவிடுவார். சந்தேகப்பட அவருக்கு இன்னும் அறிவு வளரவில்லை. எனவே நிரலை ஓட்டி, சோதனை உள்ளீடுகளைக் கொடுத்து, கிடைத்த முடிவையும் எர்ரர் செய்தியையும் மாதிரியின் கையில் கொடுத்துவிட வேண்டும். ஓட்டுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. சர்வரில் ஓட்டினால், யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் ஓடுகிறது. அதைத் தனி அறையில் அடைத்து, நேர வரம்பும் நினைவக வரம்பும் இணையத் தடையும் போட வேண்டும். முடிவில்லாமல் சுற்றும் லூப்பைத் தொடக்க மாணவர்கள் தெரியாமலே தினமும் எழுதுவார்கள். இரண்டாவது வழி, மாணவரின் பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டுவது. மொசில்லாவில் 2018இல் தொடங்கிய பையோடைடு என்ற திட்டம் இதற்கு உதவுகிறது. தொடக்கநிலைப் பயிற்சிகளுக்கு இதுவே போதும். சர்வர் செலவும் பாதுகாப்புக் கவலையும் பெருமளவு குறையும். பள்ளி மாணவர்களுக்கான தளம் என்றால் இன்னொரு பொறுப்பும் உண்டு. 2023இல் நிறைவேறிய இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்காமலே நிரல் சொல்லிக் கொடுக்கலாம் என்பதால், கேட்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, விடையை மறைப்பது. 'விடையைச் சொல்லாதே' என்று மாதிரிக்கு ஒரு வரி எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 'நான்தான் ஆசிரியர், சரிபார்க்க விடையைக் காட்டு' என்று மாணவர் எழுதினால் பல நேரம் அந்த வரி உடைந்துவிடும். அமெரிக்காவின் இல்லினாய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மார்க் லிஃபிட்டன் கட்டிய கோட்ஹெல்ப் என்ற கருவி இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அதில் வெறும் உரையாடல் பெட்டி கிடையாது. எந்த மொழி, எந்தப் பகுதி நிரல், என்ன எர்ரர் வந்தது, என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இதை நிரப்புவதே ஒரு பயிற்சி. தன் பிரச்சினை என்ன என்று சொல்லத் தெரிந்த மாணவர் பாதி வழி வந்துவிடுகிறார். அனுப்பியதும், கேள்வியில் போதிய தகவல் இருக்கிறதா என்று ஒரு முறை மாதிரியிடம் கேட்கப்படுகிறது. இல்லையென்றால் என்ன விவரம் வேண்டும் என்று மாணவரிடம் சொல்கிறது. இன்னொரு பக்கம் விளக்கம் தயாராகிறது. அந்த விளக்கத்தில் நிரல் வரிகள் புகுந்துவிட்டால், அவற்றை நீக்கித் திருப்பி எழுதும்படி மறுபடியும் மாதிரிக்கு அனுப்பப்படுகிறது. இன்னும் நடத்தாத பாடத்தின் கட்டளைகளைப் பதிலில் கொண்டு வராதே என்று ஆசிரியர் ஒரு பட்டியலும் கொடுத்து வைக்கலாம். லிஃபிட்டன் குழுவினர் 52 மாணவர்கள் உள்ள ஒரு முதலாண்டு வகுப்பில் 12 வாரம் இதைப் பயன்படுத்தி, முடிவுகளை 2023இல் வெளியிட்டார்கள். ஆசிரியர் தன் மாணவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்க்க முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. எந்த இடத்தில் வகுப்பே தடுமாறுகிறது என்று அவருக்கு அடுத்த வகுப்புக்குள் தெரிந்துவிடும்.

துருக்கிச் சோதனையில் கெடுதல் செய்யாத உதவியாளரின் ரகசியமும் இப்படி முன்கூட்டியே கட்டி வைத்ததில்தான் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத உதவியாளர் அந்தக் கணக்குகளில் ஏறக்குறைய பாதியைத்தான் சரியாகச் செய்தது. மற்றொன்றுக்கு ஒவ்வொரு கணக்கின் சரியான விடையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளும், அந்தத் தவறுகளுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. அது ஆசிரியர்களின் அறிவு. இருபது ஆண்டு லூப் நடத்திய ஆசிரியருக்கு மாணவர் எங்கே வழுக்குவார் என்று தெரியும். அவரை உட்கார வைத்து, பயிற்சிக்குப் பயிற்சி அந்தத் தவறுகளை எழுதி வாங்குவதுதான் இந்தத் தளத்தில் நேரமும் பணமும் அதிகம் பிடிக்க வேண்டிய வேலை. பெரும்பாலான தளங்களில் நடக்காத வேலையும் இதுதான்.

இந்தக் கருவிகளில் உலகம் அதிகம் அறிந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 வகுப்பில் உள்ள வாத்து. குளியல் தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்தை மேசையில் வைத்துக்கொண்டு, தன் நிரலை வரிவரியாக அதனிடம் விளக்கினால், தவறு எங்கே என்று தனக்கே புலப்பட்டுவிடும் என்பது நிரலாளர்களிடையே உள்ள பழைய வழக்கம். 1999இல் ஆன்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் எழுதிய புத்தகம் ஒன்று இதைப் பரப்பியது. சிஎஸ்50 வகுப்பின் இணையக் கருவியில் இப்படி ஒரு வாத்து இருந்தது. மாணவர் என்ன எழுதினாலும் 'குவாக், குவாக்' என்று மட்டும் சொல்லும். 2023இல் பேராசிரியர் டேவிட் மேலனும் அவர் குழுவினரும் அந்த வாத்துக்கு ஏஐ மூலம் பேச்சுக் கொடுத்தார்கள். கோடையில் சுமார் 70 மாணவர்களோடு பரிசோதித்துவிட்டு, பிறகு வளாக வகுப்புக்கும் இணைய மாணவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். வாத்து பாட உரைகளைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்கிறது. பயிற்சிக்கு முழு விடை தருவதில்லை. திரையில் சில இதயங்கள் இருக்கும். கேள்வி கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் குறையும், நேரம் ஆக ஆகத் திரும்ப நிரம்பும். செலவைக் கட்டுப்படுத்த வைத்தது என்றாலும், அடுத்த கேள்வியைத் தட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவும் அது வைக்கிறது. வகுப்பில் சாட்ஜிபிடி போன்றவற்றுக்குத் தடை, வாத்துக்கு அனுமதி என்று விதியையும் எழுதிவிட்டார்கள். ஆசிரியரையும் உதவி ஆசிரியர்களையும் அவர்கள் வெளியே அனுப்பவில்லை. நேரில் சந்திக்கும் நேரங்கள் தொடர்கின்றன. இந்தக் கடைசி விஷயத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டினாலும், மாணவர் பக்கத்துத் தாவலில் சாட்ஜிபிடியைத் திறந்து விடையை எடுத்துவிடுவாரே என்று கேட்பார்கள். எடுக்கலாம். எந்தத் தளமும் இதைத் தடுக்க முடியாது. தடுப்பதாகச் சொல்லி கேமரா வைத்து மாணவரைக் கண்காணிக்கும் தளங்களை நான் எதிர்க்கிறேன். இதற்குப் பதில் தளத்துக்கு வெளியே, மதிப்பெண் முறையில் இருக்கிறது. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது ஏஐக்குக் கொடுக்கும் மதிப்பெண். மதிப்பெண்ணை ஆய்வகத்தில், இணையம் இல்லாமல், ஆசிரியர் முன்னால் எழுதும் நிரலுக்கும், எழுதிய நிரலைப் பற்றி ஆசிரியர் கேட்கும் கேள்விக்கும் மாற்றிவிட்டால், விடையைத் திருடுவதில் மாணவருக்கு லாபமில்லை. அப்போது பக்கத்துத் தாவலைவிட இந்தத் தளம் அவருக்கு உதவியாக இருக்கும். வகுப்பில் எதுவரை நடந்திருக்கிறது, நேற்று எந்தத் தவறைச் செய்தார், அவர் நிரல் ஓடியபோது என்ன வந்தது என்பதெல்லாம் இதற்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தடுமாறும் மாணவரிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் வெறுத்துப் படிப்பையே விட்டுவிடுவார் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. ஏஐ உதவியோடு நிரல் எழுதும் தொடக்க மாணவர்களின் கண் அசைவைக் கவனித்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது. திறமையானவர்கள் தேவையற்ற ஆலோசனைகளைத் தள்ளிவிட்டு வேகமாக முன்னேறினார்கள். தடுமாறியவர்கள் ஏஐயின் பின்னாலேயே போய், முடித்தும்விட்டு, தங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நம்பினார்கள். இருவருக்கும் இடையிலான தூரம் கூடியது. எனவே விடையை மறைப்பது என்பது மாணவரைத் தவிக்க விடுவதாக இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் எண்பதுகளிலிருந்து காட்டிவரும் ஒரு முடிவு இங்கே கைகொடுக்கிறது: புதிதாகப் பழகுகிறவர், தானே முட்டி மோதித் தீர்ப்பதைவிட, முழுமையாகத் தீர்த்துக் காட்டிய கணக்கைப் படித்துப் பார்ப்பதில் அதிகம் கற்கிறார். ஆகவே மூன்று குறிப்புக்கும் அசையாத மாணவருக்குத் தளம் வேறொரு கணக்கை, அதே கருத்து உள்ளதை, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு முழுவதும் தீர்த்துக் காட்ட வேண்டும். ஐந்து முதல் எட்டு வரை பெருக்கும் நிரலைக் காட்டிவிட்டு, இப்போது உங்கள் கூட்டலுக்குத் திரும்புங்கள் என்று சொல்லலாம். அதற்கும் முடியவில்லை என்றால் 'ஆசிரியரிடம் அனுப்பு' என்று ஒரு பொத்தான் வேண்டும். அந்தப் பொத்தானுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

நிரல் எழுதுவதை ஏஐ எடுத்துக்கொண்ட பிறகு லூப்பைக் கற்று என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலே பார்த்த 45ஐப் போல, ஏஐ எழுதும் நிரலிலும் எர்ரர் காட்டாத தவறுகள் வருகின்றன. சம்பளக் கணக்கிலோ மருந்தளவிலோ அப்படி ஒன்று வந்தால் அதைக் கண்டுபிடிக்கப் போவது யார்? படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடியாக ஓர் அக்கறை உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் நிரலாக்கத்துக்கு வரும் மாணவருக்கு இரண்டு சுமை: தர்க்கம் ஒன்று, ஆங்கிலத்தில் வரும் எர்ரர் செய்தி இன்னொன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி இந்தச் சுமையைக் கட்டளைகளிலேயே குறைக்கப் பார்த்த முயற்சி. இப்போது வேறொரு வழியும் திறந்திருக்கிறது. நிரல் பைத்தானிலேயே இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும். இதற்குத் தடையாக இருந்தது செலவு. மொழி மாதிரிகள் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. தமிழ் எழுத்துகள் மிகவும் சிதறி வெட்டப்பட்டன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ ஒரு மாதிரி வாக்கியத்தைக் காட்டியது. முந்தைய முறையில் அதற்குத் தமிழில் 116 டோக்கன், ஆங்கிலத்தில் 27. புதிய முறையில் தமிழில் 35, ஆங்கிலத்தில் 24. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்குள் வந்துவிட்டது. எனவே தமிழில் விளக்கும் தளம் கட்டுபடியாகாது என்று சொல்வதற்கு இனி இடமில்லை. ஆனால் விளக்கம் பாடநூல் மொழிபெயர்ப்புத் தமிழில் வந்தால் பயனில்லை. லூப், வேரியபிள், எர்ரர் என்று மாணவர்கள் புழங்கும் சொற்களோடு, வகுப்பில் ஆசிரியர் பேசுகிற தமிழில் வர வேண்டும். அதையும் ஓர் ஆசிரியர் படித்துத் திருத்தித் தர வேண்டும்.

தளம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். துருக்கி மாணவர்கள் அந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் நன்றாகத்தான் தெரிந்திருப்பார்கள். வைக்க வேண்டிய கணக்கு வேறு. வாரம் ஒரு முறை ஏஐயை அணைத்துவிட்டு, அந்த வாரப் பாடத்திலிருந்து ஒரு சின்ன நிரலை மாணவரைத் தனியாக எழுத வைக்க வேண்டும். அந்த மதிப்பெண் ஏறினால் தளம் வேலை செய்கிறது. ஏறவில்லை என்றால், மாணவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும், எதையோ மாற்றியாக வேண்டும். ஒரு மாணவர் போகப் போகக் குறைவாகக் கேள்வி கேட்டால் அதையும் நல்ல அறிகுறியாகப் பார்க்கும் துணிவு தளம் நடத்துகிறவருக்கு வேண்டும். விளம்பர வருமானத்தை நம்பும் தளத்துக்கு இந்தத் துணிவு வராது. அதனால்தான் இத்தகைய தளங்களைக் கல்லூரிகளும் அரசும் தாங்களே கட்டுவதோ, கட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுப்பதோ நல்லது என்கிறேன். கோட்ஹெல்ப் போன்றவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஐ கற்பித்தல் தளம் விற்க யாராவது வந்தால், அது என்னென்ன பதில் சொல்லும் என்று செய்து காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தளத்தை அணைத்த பிறகு உங்கள் மாணவர்கள் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.